அறுபது சென்ட் புஞ்சையில் மண் வீடு: அனுமதி கேட்க எங்கே போவது?

குப்பனூர்_வேம்பு

வணக்கம். ஏற்காட்டு மலை அடிவாரத்தில், குப்பனூர் பக்கம் எங்களுக்கு அறுபது சென்ட் புஞ்சை இருக்கிறது. மாமனார் வழியில் வந்த நிலம், பட்டா வீட்டுக்காரர் பெயரில். அதன் ஓரத்தில் அறுநூறு சதுர அடிக்கு மண்கல் வீடு, ஓட்டுக் கூரை, மழைநீர்த் தொட்டி, இரண்டு மாடு, ஒரு சாண எரிவாயுக் கலன் வைத்துக்கொண்டு, மீதி நிலத்தில் துவரை, சாமை, முருங்கை, கீரை போட்டுப் பிழைக்கலாம் என்று திட்டம். ரிசார்ட் கட்டப் போவதில்லை. மனை போட்டு விற்கப் போவதில்லை. அம்மாப்பேட்டை வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அனுமதி விஷயத்தில்தான் தலை சுற்றுகிறது. ஓர் அலுவலகத்தில் "விவசாய நிலம், நில உபயோக மாற்றம் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். இன்னோர் இடத்தில் "அடிவாரம்னா ஹாகா வரும்" என்றார்கள். மூன்றாவது மேசையில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி, "மாட்டுக் கொட்டகைன்னு சொல்லிக் கட்டிக்கோங்கம்மா, யார் வந்து பார்க்கப் போறாங்க" என்றார். வெளியே நின்ற இடைத்தரகர் கேட்ட தொகைக்கு நாலு சுவரையும் எழுப்பிவிடலாம்.

நான் கடையில் கணக்கு எழுதுகிறவள். படிவம் நிரப்பப் பயமில்லை. எந்தப் படிவம் என்று யாராவது சொன்னால் போதும்.

அளவுச்சங்கிலி

அம்மா, அந்த மூன்று பேரில் முதல் இரண்டு பேர் சொன்னதும் ஓரளவு சரிதான். ஆளுக்கு ஒரு சட்டத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாமவர் சொன்னதை மட்டும் கேட்காதீர்கள், கொட்டகைக்கு வீட்டு வரி ரசீதும் வராது, வீட்டு மின் இணைப்பும் வராது.

நான் நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பட்டாவில் புன்செய் என்று இருப்பது வருவாய்த் துறையின் வகைப்பாடு. தீர்வை போடுவதற்காக வந்தது. அந்த நிலத்தில் வீடு வரலாமா என்பதைத் தீர்மானிப்பது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். உங்கள் கிராமம் சேலம் உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் எல்லைக்குள் வந்தால், மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண்ணுக்கு என்ன நிறம், அதாவது எந்த உபயோக மண்டலம், அடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எல்லைக்கு வெளியே என்றால் அதே சட்டத்தின் 47-அ பிரிவு, அதற்கான 2017-ஆம் ஆண்டு விதிகள். அங்கே விவசாயம் அல்லாத உபயோகத்துக்கு டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவு வேண்டும். நஞ்சை என்றால் கெடுபிடி இன்னும் அதிகம், உங்களுடையது புஞ்சையாகப் போனது நல்லது.

ஹாகா என்பது 1990-இல் அரசாணை போட்டு அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம். அது கிராமப் பட்டியல் வைத்துத்தான் ஓடுகிறது. மலை கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக ஹாகா வந்துவிடாது. வருவாய்க் கிராமத்தின் பெயர் பட்டியலில் உண்டா இல்லையா, அதுதான் கேள்வி.

இன்று இரவே செய்யக்கூடியது: இ-சேவை இணையதளத்தில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் (சர்வே எண்வாரியான நில விவரப் பதிவேடு) எடுங்கள், கூடவே புலப்படத்தையும் (நிலத்தின் அளவை வரைபடம், எஃப்.எம்.பி.) அச்செடுங்கள். புலப்படத்தில் உங்கள் உட்பிரிவுக்கு வண்டி போகும் பாதை காட்டியிருக்கிறதா, ஓடை குறுக்கே வருகிறதா என்று பாருங்கள். அடிவார நிலங்களில் பாதி விண்ணப்பம் இந்த இரண்டில்தான் மாட்டும். "பக்கத்து நிலத்து வரப்பு மேலதான் காலங்காலமா போறோம்" என்பார்கள். வரப்பு பாதை ஆகாது. ஓடையில் பத்து வருடமாகத் தண்ணீர் வரவில்லை என்றாலும் காகிதத்தில் அது ஓடைதான்.

மேஸ்திரி_மகன்

அக்கா, மண் சுவர் என்றதும் முகம் சுளிப்பார்கள், அதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலைப்படுத்திய மண்கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது, ஐ.எஸ் 1725. மண் கட்டடங்களின் நிலநடுக்கப் பாதுகாப்புக்கு ஐ.எஸ் 13827. ஆரோவில்லில் முப்பது வருடத்துக்கு மேலாக ஐந்து சதவீத அளவுக்கு சிமெண்ட் கலந்து அழுத்திய கல்லில் மாடிக் கட்டடமே கட்டுகிறார்கள். ஓமலூரில் இருந்து வேலை பார்க்கிறேன், நம் பக்கத்துச் செம்மண்ணில் மணல் பங்கு சரியாக இருந்தால் கல் நன்றாக வரும். கல் அறுத்து, நனைத்து, இருபத்தெட்டு நாள் கழித்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்த சான்று ஒன்றை வரைபடத்தோடு வையுங்கள். கேள்வி கேட்பவருக்கும் கோப்பில் வைக்க ஒரு தாள் வேண்டுமே.

அப்புறம், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைப் பற்றி யாராவது சொல்லுவார்கள். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் இணையத்தில் உடனே அனுமதி, முன்கூட்டி ஆய்வு கிடையாது, கட்டி முடித்த சான்றும் வேண்டாம். நல்ல திட்டம்தான். ஆனால் அது ஒழுங்கான மனைக்கு. அறுபது சென்ட் விவசாய நிலத்துக்கு அந்தக் கதவு திறக்காது. ஒப்புதல் பெற்ற மனையில் சுவருக்குச் சுவர் கான்கிரீட் போடுகிறவருக்கு உட்கார்ந்த இடத்தில் அனுமதி, நிலத்தில் நூற்றுக்கு மூன்று பங்குகூட மூடாமல் மாட்டோடும் துவரையோடும் இருக்கப் போகிறவர் மூன்று மேசை ஏற வேண்டும். எனக்கு இதுதான் வயிற்றெரிச்சல்.

நெத்திமேட்டுக்காரர்

வயிற்றெரிச்சல் இருக்கட்டும் தம்பி. மூன்று மேசை இருப்பதால்தான் மலை இன்னும் மிஞ்சியிருக்கிறது. "இயற்கை வாழ்வு", "பண்ணை வீடு", "ஆர்கானிக் வில்லேஜ்" என்று போர்டு வைத்து அரை ஏக்கர் அரை ஏக்கராகக் கூறு போட்டு விற்ற கதையை நாம் பார்க்கவில்லையா? அப்படி விற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று 2016-இல் உயர் நீதிமன்றமே தடை போட்டது. அடுத்த வருடம் அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. வாங்கியவர்கள் இன்னும் அலைகிறார்கள்.

2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவு. அதே வருடம் டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் ஏற்காடு மலைப்பாதையிலேயே மண் சரிந்து வண்டி நின்றது. இந்த நேரத்தில் அனுமதியை எளிமையாக்கு என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த அம்மா நல்லவராக இருக்கலாம். விதி நல்லவருக்கு மட்டும் எழுதப்படுவதில்லை.

குப்பனூர்_வேம்பு

ஐயா, எளிமையாக்கு என்று கேட்கவில்லை. எது விதி என்று தமிழில் ஒரே இடத்தில் சொல்லுங்கள் என்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுதிக் கொடுங்கள், அதையாவது நம்பி வேறு வேலை பார்ப்போம்.

வெள்ளிஓக்

மேலே இருந்து ஒரு குரல். எங்களுக்கு நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பி, மிளகு. நெத்திமேட்டு அண்ணன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன்.

மலையில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. என் சொந்தத் தோட்டத்தில் நான் நட்ட சில்வர் ஓக்கை வெட்டவே மனு போட வேண்டும். அதிகாரி வந்து மரத்தைச் சுற்றளவு எடுத்து, எண் போட்டு, குழுவுக்கு அனுப்பி, அப்புறம்தான் கோடாரி. எரிச்சலாக இருக்கும், ஆனாலும் அந்தச் சட்டம் இல்லையென்றால் மலை மொட்டையாகியிருக்கும். நில உச்சவரம்புச் சட்டத்தில் தோட்டப்பயிர் என்று விலக்கு வாங்கிய எஸ்டேட்டுக்கும், தோட்டமாக இருக்கும்வரைதான் அந்த விலக்கு.

ஹாகா கிராமத்தில் கட்டடம் என்றால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை என்று தடையின்மைச் சான்றுகள் கேட்பார்கள். அவர்கள் பார்ப்பது நியாயமான விஷயங்கள். சரிவு எவ்வளவு, எவ்வளவு மண்ணை வெட்டப் போகிறாய், வெட்டிய இடத்தில் தாங்கு சுவர் உண்டா, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும். பொறியாளரையும் ஆலோசகரையும் கையில் வைத்திருக்கிற விடுதிக்காரருக்கு இது ஒரு செலவு, அவ்வளவுதான். தாத்தா வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்ட நினைக்கிற என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இது ஒரு சுவர். விதியைத் தளர்த்த வேண்டாம், எங்கே நுழைவது என்று காட்டுங்கள் என்று அந்த அக்கா கேட்பது அதனால்தான் எனக்குப் புரிகிறது.

தலைவாசல்_தென்னை

சேலம்–சென்னை 277 கிலோமீட்டர் எட்டு வழிச்சாலை என்று வந்து தோப்புக்குள் கல் நட்டபோது நில உபயோகம், மரம், ஓடை எதுவும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அறுநூறு சதுர அடிக்குத்தான் எல்லாச் சட்டமும்.

நெறியாளர்

எட்டு வழிச்சாலைக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே தொடருங்கள்.

சேர்வராயன்_பேரன்

எல்லாரும் மண் வீடு கட்ட அனுமதி கேட்கிறீர்கள். நாங்கள் மண் வீட்டில்தான் இருக்கிறோம், இருக்க அனுமதி கேட்கிறோம்.

நான் மலையாளி பழங்குடிச் சமூகம், ஏற்காடு தாலுகா. எங்கள் ஊரில் தென்னந்தட்டிக்கும் தகரத்துக்கும் கீழே மண் சுவர். சில குடும்பத்துக்கு நிபந்தனைப் பட்டா, சிலருக்கு அதுவும் இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருந்தால் நாலு ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம், மனு கிராம சபையில்தான் தொடங்க வேண்டும். சட்டம் தெளிவு. ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவரிடம் "ஆதாரம் என்ன" என்றால் அவர் நட்ட பலா மரத்தைக் காட்டுவார். வீடு, நிலத்தில் போட்ட வரப்பு, கிணறு, இடுகாடு, பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாமே ஆதாரமாக ஏற்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர் அதைச் சொல்வதில்லை, ரேஷன் கார்டு இருக்கா என்றுதான் கேட்கிறார்.

இன்னொன்று. பட்டா இருந்தால் கலைஞர் கனவு இல்லம் கிடைக்கும், மூன்றரை லட்சம். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம் என்று வரையறை. ஜனவரி மாதம் மலையில் வந்து கான்கிரீட் தளத்தின் கீழே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். மண்கல்லும் ஓடும் போட்டால் என்ன குறை? நகரத்தில் இருந்து வருகிறவருக்கு மண் வீடு ஆசை, எங்களுக்கு மண் வீடு இருந்தால் குடிசை என்று கணக்கு.

மேஸ்திரி_மகன்

இதை ஒத்துக்கொள்கிறேன். கூரை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தீப்பிடிக்காத, புயலுக்குப் பறக்காத கூரை வேண்டும் என்பதுதான் நோக்கம். அதையே விதியாக எழுதினால் ஓடும் உள்ளே வரும். பொருளின் பெயரை எழுதியதால்தான் கான்கிரீட் மட்டும் நின்றது.

கார்டிஃப்_சேலத்தான்

ஊர் அழகாபுரம், இருப்பது வேல்ஸ். இங்கே இதே சண்டை நடந்து ஒரு வழிக்கு வந்தது, சொல்கிறேன்.

2010-இல் வேல்ஸ் அரசு தன் திட்டமிடல் வழிகாட்டுதலில் "ஒன் பிளானட் டெவலப்மெண்ட்" என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. ஊருக்கு வெளியே திறந்த வெளியில் சாதாரணமாக வீடு கட்ட விடமாட்டார்கள். ஆனால் நீ அந்த நிலத்தை நம்பியே வாழப் போகிறாய் என்றால் விடுவார்கள். ஐந்து வருடத்துக்குள் குடும்பத்தின் அடிப்படை உணவுத் தேவையில் 65 சதவீதம் அந்த நிலத்தில் இருந்து வர வேண்டும். உணவு, வருமானம், எரிபொருள், கழிவு எல்லாவற்றுக்கும் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். சொன்னபடி நடக்கவில்லையென்றால் வீட்டைப் பிரித்துவிட்டு நிலத்தைப் பழையபடி விட வேண்டும், அதற்கான திட்டமும் முன்கூட்டியே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். பெம்புரோக்‌ஷயரில் லாமாஸ் என்ற குழு இந்தக் கொள்கை வருவதற்கு முன்பே, 2009-இல், போராடி அனுமதி வாங்கியது.

நெத்திமேட்டு அண்ணனின் பயத்துக்கு இது பதில் என்று நினைக்கிறேன். நல்லவர், கெட்டவர் பார்க்க வேண்டாம், ஐந்து வருடக் கணக்கைப் பார்த்தால் போதும். விடுதி நடத்துகிறவரால் 65 சதவீதம் காட்ட முடியாது.

அளவுச்சங்கிலி

தம்பி, கேட்க நன்றாக இருக்கிறது. இங்கே கொண்டுவந்தால் 65 சதவீதத்துக்கு ஒரு ஏஜெண்ட் முளைப்பார். அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ.வின் பயிர்ப் பதிவேட்டில், போடாத பயிரைப் போட்டதாக எழுதி வாங்குகிற ஊர் இது. அந்த வருடாந்திரக் கணக்கை யார் வந்து சரிபார்ப்பது? வி.ஏ.ஓ. ஒருவர் எத்தனை கிராமத்துக்குப் பொறுப்பு பார்க்கிறார் என்று உங்களுக்குத் தெரியாததா? தவிர, திட்டம் எழுதத் தெரிந்தவனுக்குத்தான் அங்கேயும் வழி. சேர்வராயன்_பேரன் ஊர்ப் பெரியவருக்கு அறுபது பக்கத் திட்டம் யார் எழுதுவார்?

கார்டிஃப்_சேலத்தான்

நியாயம். இங்கேயும் அந்தக் குறை உண்டு. படித்த, நேரம் உள்ள ஆட்கள்தான் பெரும்பாலும் விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் அளவைச் சொல்லி, ஆளை விட்டுவிடும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த அளவு 65 ஆக இருக்க வேண்டும் என்று இல்லை. மூடப்பட்ட பரப்பு, வெட்டிய மண், பிடித்த மழை என்று நேரில் நாடா வைத்து அளக்கக்கூடியதாக வைக்கலாமே.

குப்பனூர்_வேம்பு

மழை என்றதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுநூறு சதுர அடிக் கூரை என்பது சுமார் 56 சதுர மீட்டர். வருடம் 900 மில்லிமீட்டர் மழை என்று குறைவாகவே வைத்து, நூற்றுக்கு எண்பது பிடித்தால் 40,000 லிட்டர். வீட்டுக் குழாய்க் குடிநீருக்கான ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கு 110. வகுத்தால் கிட்டத்தட்ட ஒரு வருடம் வருகிறது! தொட்டிதான் பெரிதாக வேண்டும், மழை ஒரேயடியாகக் கொட்டி நின்றுவிடும். மாட்டுக்குத் தண்ணீர் தனி. 2003-இல் இருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்கிறோம், ஆனால் வரைபடத்தில் ஒரு குழி காட்டினால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். 40,000 லிட்டர் பிடிக்கிறேன் என்பவருக்கும் குழியைக் கோடாகக் கிழித்தவருக்கும் ஒரே டிக் மார்க்.

நெத்திமேட்டுக்காரர்

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நாடா வைத்து அளப்பது என்றால் என் எதிர்ப்பு பாதியாகக் குறைகிறது. ஆனால் இரண்டு விஷயத்தில் நான் மாறமாட்டேன். சரிவு நிலத்தில் யாருக்கும் சலுகை கூடாது, மலையாளி மக்களின் இருக்கிற வீட்டைத் தவிர. அடுத்து, அப்படி அனுமதி வாங்கிய நிலத்தை உட்பிரிவு செய்து விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே ஏற வேண்டும். வில்லங்கச் சான்று போட்டால் அது தெரிய வேண்டும். அப்போதுதான் புரோக்கர் கிட்டே வரமாட்டான்.

வெள்ளிஓக்

கழிப்பறையையும் சேருங்கள். மலையில் விடுதிகளின் செப்டிக் டேங்க் வழிந்து கீழே ஊற்றில் இறங்குகிறது, அந்த ஊற்றில்தான் கீழ் ஊர் குடம் வைக்கிறது. வீடு சின்னதா பெரியதா என்பதைவிட இது பெரிய விஷயம். அடிவாரத்தில் இரட்டைக் குழிக் கழிப்பறை போதும், மேலே பாறை மண்ணில் அது சரிப்படாது. முசிறி பக்கம் சிறுநீரைத் தனியாகப் பிரிக்கிற உரக் கழிப்பறை பல வருடமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அதை ஏற்கலாம் என்று எழுத்தில் ஒரு வரி இருந்தால் கேட்கிறவருக்குத் தைரியம் வரும்.

சேர்வராயன்_பேரன்

சரி, பேசிக்கொண்டே இருக்கிறோம். யாரிடம் போய்ச் சொல்வது? ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர் கையில்தான் எல்லாம் போனது. கிராம சபையில் தீர்மானம் போட்டாலும் பின்னாலேயே போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அளவுச்சங்கிலி

தீர்மானத்தை விடாதீர்கள். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை கிராம சபைதான். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள் குறித்தே வருகிறது. தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் நகல் கேட்கலாம். பட்டா, உட்பிரிவு, பாதை சம்பந்தமானதை ஜமாபந்தியில், அதாவது வருடாந்திர வருவாய்த் தீர்வாயத்தில், கொடுங்கள், அங்கே ரெவென்யூக்காரர் எல்லாரும் பதிவேடுகளோடு ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். பொதுவான கோரிக்கையைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுங்கள்.

வேம்பு அம்மா தன் நிலத்துக்குத் தனியாக ஒரு தகவல் உரிமை மனு போடட்டும். பத்து ரூபாய், முப்பது நாள். "என் நிலத்தில் வீடு கட்டலாமா" என்று கேட்காதீர்கள், அது கருத்து, பதில் வராது. இந்த சர்வே எண் திட்டப் பகுதிக்குள் வருகிறதா, வந்தால் எந்த மண்டலம், இந்த வருவாய்க் கிராமம் ஹாகா பட்டியலில் உள்ளதா, அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேளுங்கள். ஆவணம் கேட்டால் ஆவணம் வரும்.

குப்பனூர்_வேம்பு

எழுதி வைத்துக்கொண்டேன். பொது மனுவுக்கு ஒரு வரைவு போடுகிறேன், அடித்துத் திருத்துங்கள்:

"சேலம் மாவட்டத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும், அந்த ஊரின் சர்வே எண்கள் எந்தத் திட்டப் பகுதி, எந்த மண்டலம், ஹாகாவா இல்லையா என்பதை, ரேஷன் கடையில் இருப்பு எழுதிப் போடுவது போல, தமிழில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். தன் சொந்த நிலத்தில் குடியிருந்து பயிர் செய்ய ஒரே ஒரு சிறு வீடு கட்டுவோருக்கு, விண்ணப்பிக்கும் முன்பே மாதம் ஒரு நாள் நகர் ஊரமைப்பு, வருவாய், வேளாண் பொறியியல் அலுவலர்கள் சேர்ந்து உட்கார்ந்து, என்னென்ன சான்று வேண்டும், வேண்டாம் என்பதைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். தரநிர்ணயம் உள்ள மண்கல், ஓடு, உரக் கழிப்பறை ஆகியவற்றை மாதிரி வரைபடங்களோடு ஏற்க வேண்டும். வீட்டு வசதித் திட்டங்களிலும் இதே தேர்வு இருக்க வேண்டும். இவ்வாறு அனுமதி பெற்ற நிலத்தை மனைகளாகப் பிரிக்கத் தடை பத்திரத்தில் பதிவாக வேண்டும்."

நெத்திமேட்டுக்காரர்

கடைசி வாக்கியத்தை முதலில் போடுங்கள். படிக்கிற அதிகாரிக்கு முதல் சந்தேகமே அதுதான். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

சேர்வராயன்_பேரன்

"தன் சொந்த நிலத்தில்" என்றால் எங்கள் பாதி ஊர் வெளியே போய்விடும். "பட்டா அல்லது வன உரிமை உள்ள, அல்லது வன உரிமை கோரி மனு நிலுவையில் உள்ள நிலத்தில்" என்று மாற்றுங்கள்.

குப்பனூர்_வேம்பு

மாற்றிவிட்டேன் தம்பி. இரண்டு திருத்தமும் சேர்ந்தது.

அளவுச்சங்கிலி

மனுவில் சர்வே எண் எழுதும்போது உட்பிரிவு வரை எழுதுங்கள். வெறும் எண்ணை எழுதினால் மொத்தப் புலத்துக்கும் பதில் தேடி, "விவரம் போதவில்லை" என்று திருப்பிவிடுவார்கள். பட்டாவில் உள்ள கிராமத்தின் பெயரை அப்படியே எழுதுங்கள், நாம் வாயில் சொல்லும் ஊர்ப் பெயர் வருவாய்க் கிராமமாக இருக்காது. அச்செடுத்த புலப்படத்தில் உங்கள் துண்டைச் சிவப்பு மையால் சுற்றிவிட்டு இணையுங்கள்.